தலை முறியும் போல்ட்

அந்த வட்டாரத்தின் எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஸ்மார்ட் வகுப்பறை இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு பள்ளியில்தான் இருந்தது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தொடுதிரைப் பலகை, ஒரு வகுப்புக்குப் போதுமான டேப்லெட், இணைய இணைப்பு என்று அரசாங்கம் நிதி கொடுத்திருந்தது. ஒப்பந்தம் எடுத்தவர் ஒரே ஒரு செட் வாங்கினார். அதிகாரி எந்தப் பள்ளியைப் பார்க்க வருகிறாரோ அங்கே அவருக்கு முன்னால் செட் போய் நிற்கும். அவர் பார்த்து முடித்து, தலைமையாசிரியர் அறையில் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருக்கும்போது பலகை சுவரைவிட்டு இறங்கும். போர்வையைச் சுற்றிக்கொண்டு வேனில் ஏறும். குறுக்கு வழியில் ஓடி அடுத்த பள்ளியின் சுவரில் ஏறிக்கொள்ளும். அதிகாரியின் கார் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும்போது, பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருப்பதைப் போலப் பளபளத்துக்கொண்டிருக்கும்.

வேன் ஓட்டியவனுக்கு வாய் ஓயாது. அதனால் அவனுக்கு ஹாரன் என்று பெயர்.

"நம்ம போர்டு மாதிரி படிச்ச போர்டு உலகத்துல கிடையாது மாப்ள சார்," என்பான். "எத்தனை ஸ்கூல் போயிருக்கு! நான் ஒரே ஸ்கூலுக்கே ஒழுங்காப் போகல."

அவன் மாப்ள சார் என்று அழைத்த ஆள் சிரிக்க மாட்டான். ஒப்பந்தம் எடுத்த முதலாளியின் தங்கையைக் கட்டியவன் அவன். முதலாளி அவனை மாப்ள என்று கூப்பிட, ஆபீஸில் டீ கொடுப்பவர் முதல் பள்ளித் தலைமையாசிரியர்கள் வரை எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். அந்தத் தங்கை இறந்த பிறகும் பெயர் அவனைவிட்டுப் போகவில்லை.

அவள் அந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில்தான் அறிவியல் டீச்சராக இருந்தாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பள்ளியின் மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த்தொட்டி மேடையிலிருந்து வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். அங்கே எதற்கு ஏறினாள் என்று மாப்பிள்ளை கேட்டபோது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஏறியிருப்பாள் என்றார் தலைமையாசிரியை. அவன் அதை வாங்கி வைத்துக்கொண்டான். அப்போது யார் எதைச் சொன்னாலும் வாங்கி வைத்துக்கொண்டான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் அண்ணனான முதலாளி, அவனுடைய மச்சான், அவன் வீட்டுக்கு வந்தார். அவனைவிட அதிகமாக அழுதவர் அவர்.

"வீட்டுக்குள்ளயே கிடந்தா மூளை குழம்பிடும் மாப்ள. எலக்ட்ரானிக்ஸ் படிச்சிட்டு எதுக்கு சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கீங்க? நம்ம ஆபீஸுக்கு வாங்க. உங்களுக்கும் ஒரு ஆறுதல், எனக்கும் ஒரு கை."

அவன் போனான். கட்டிலின் ஓரத்தில் படுத்துப் பழகியவனுக்கு அதன் நடுவில் படுக்கத் தெரியவில்லை. காலையில் எழுந்து போக ஓர் இடம் இருந்தால் சரி என்று போனான். ஒரே பலகை ஊர் ஊராகச் சுற்றுவதைப் பார்த்தபோதும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாரோ யாரையோ ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் பலகையை மாட்டினான், கழற்றினான்.

அப்படி இருக்கும்போதுதான் அவளுடைய பள்ளிக்குப் போக வேண்டி வந்தது. அடுத்த ஆய்வுக்கு முன்னால் பிளக் பாயிண்டுகளைப் பார்த்துவர மச்சான் அனுப்பினார். வகுப்பறையில் கரும்பலகைக்குப் பக்கத்தில் இணைய இணைப்புக்கான வெள்ளைச் சாக்கெட் ஒன்று இருந்தது. உள்ளே வயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூடியில் நகத்தைக் கொடுத்தான். முழுச் சாக்கெட்டும் கையோடு வந்துவிட்டது. பின்னால் ஓட்டை இல்லை, வயர் இல்லை, குழாய் இல்லை. வெறும் சுண்ணாம்புச் சுவர். சாக்கெட்டின் முதுகில் இருபக்கமும் ஒட்டும் டேப்.

வாசலில் கணக்கு டீச்சர் நின்றிருந்தாள். அவளும் இவன் மனைவியும் ஒன்றாகச் சாப்பிட்டுவந்தவர்கள்.

"அதுல ஒண்ணும் கிடையாதுங்க. ஒட்டின நாள்லேர்ந்து அப்படியேதான் இருக்கு," என்றாள். "அவங்க உங்ககிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

"இல்ல... வருகைப் பதிவை முதல் பீரியட் முடியறதுக்குள்ள ஆப்ல ஏத்தணும். கீழ டவரே கிடைக்காது. முடியலன்னு சொன்னா, உங்க ஸ்கூலுக்குத்தான் லைன் குடுத்தாச்சேன்னு மேலிடத்துல திட்டுவாங்க. அதனால அவங்கதான் எல்லா வகுப்புக்கும் சேர்த்து மாடிக்குப் போய் ஏத்திட்டு வருவாங்க. தினமும்."

"அன்னைக்கும்?"

"அன்னைக்கும்தான். ஆனா எப்பவும் மாடியோட நின்னுடுவாங்க. தொட்டி மேடை வரைக்கும் ஏன் போனாங்கன்னு எனக்கு இன்னும் புரியல." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

மாப்பிள்ளை சாக்கெட்டைப் பழைய இடத்திலேயே வைத்து உள்ளங்கையால் அழுத்தினான். நல்ல டேப். பிடித்துக்கொண்டது.

அன்று மாலை மச்சான் வீட்டில் சாப்பிட்டான். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "இப்பதான் ஆள் கொஞ்சம் தெளிஞ்சிருக்காரு," என்றாள் மச்சானின் மனைவி. மாமியார், அவன் அத்தை என்று அழைக்கும் அந்தம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் அவன் தோளில் தட்டினார். தோளில் அந்தக் கை இருந்தவரைக்கும் அவன் அதன் எடையைக் கவனித்துக்கொண்டிருந்தான். கனமான கை.

மனு எழுதலாமா என்று முதலில் யோசித்தான். மனுக்கள் போகும் பாதையை ஆபீஸில் பார்த்திருந்தான். மேலே போகும், அங்கே ஒரு முத்திரை வாங்கும், 'தகுந்த விளக்கம் தரவும்' என்ற குறிப்போடு மச்சானின் மேசைக்கே வந்து சேரும். மச்சான் அதன்மேல் டீ கிளாஸை வைப்பார். அடித்துவிடலாமா என்றும் யோசித்தான். அடி ஆறிவிடும். அடி வாங்கியவர் மேல் ஊருக்கு இரக்கம் வரும். மச்சான் எந்த வேலையால் தலைநிமிர்ந்து நடக்கிறாரோ அந்த வேலையே அவர் காலை வாரிவிட வேண்டும். எல்லோரும் பார்க்க வேண்டும். அவரும் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் உணர்ச்சியே இல்லாமல் கிடந்தவனுக்கு இந்த ஒரு ஆசை மட்டும் உடம்பில் சூடாக இருந்தது. அதை அணையாமல் பார்த்துக்கொண்டான்.

வழியை அரசாங்கமே சொல்லிக் கொடுத்தது. டெண்டர் நிபந்தனைகளில் ஓரிடத்தில், பலகை திருடு போகாமலிருக்கத் தலை முறியும் போல்ட்டால் பொருத்தப்பட வேண்டும் என்று இருந்தது. யாரும் படிக்காத பக்கம். மச்சான் பலகையை இரண்டு கொக்கிகளில்தான் தொங்கவிடுவார். அப்போதுதானே டீ ஆறுவதற்குள் கழற்ற முடியும்.

மாப்பிள்ளை ஹார்டுவேர் கடைக்குப் போனான். கடைக்காரர் அந்த போல்ட்டை எடுத்துக் காட்டினார்.

"முடுக்கிட்டே போனீங்கன்னா ஒரு கட்டத்துல தலை தானா முறிஞ்சு விழுந்துடும். அதுக்கப்புறம் ஸ்பானர் வைக்க இடமே இருக்காது. போட்டா போட்டதுதான் தம்பி, திரும்ப வராது. யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டேன்."

"எதுக்குங்க, பேங்க் லாக்கருக்கா?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"பரவாயில்லையே," என்றார் கடைக்காரர். "இந்தக் காலத்துல ஸ்கூலுக்கு ஒருத்தர் நல்ல சாமான் வாங்கறது."

ஆய்வுக்குப் புது அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. ஒரு அம்மா. ஒரே நாளில் வரிசையாகப் பள்ளிகளைப் பார்ப்பாராம். மச்சான் மேசையில் வரைபடத்தை விரித்து, எந்தப் பள்ளிக்குப் பிறகு எந்தப் பள்ளி, வேன் எந்தக் குறுக்கு ரோட்டில் போகும் என்று விரலால் ஓட்டிக் காட்டினார். படை நடத்துகிறவர் மாதிரிதான் இருந்தது.

"முதல்ல அவ ஸ்கூலை வைக்கலாம் மச்சான்," என்றான் மாப்பிள்ளை. "அங்க நானே மாட்டறேன்."

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. மேசையைச் சுற்றி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செய்ங்க மாப்ள. தங்கச்சி ஸ்கூல். நீங்கதான் செய்யணும். அவ இருந்திருந்தா எவ்வளவு பெருமைப்பட்டிருப்பா."

கை வெதுவெதுப்பாக இருந்தது. மாப்பிள்ளை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஆய்வுக்கு முந்தின நாள் அந்தப் பள்ளிக்குப் போய்ச் சுவரில் ஆழமாகத் துளைபோட்டான். பசையை நிரப்பி இரும்புக் குழல்களைப் பதித்தான். தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "இந்தத் தடவை என்ன தம்பி இவ்வளவு ஏற்பாடு?" என்றார். "புது அதிகாரி, டீச்சர். ஆட்டிப் பார்ப்பாங்களாம்," என்றான். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அவருடைய அறையில் சுழலும் நாற்காலியும் ஏசியும் மச்சான் வாங்கிக் கொடுத்தவை. அதிகம் கேள்வி கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

அங்கிருந்து மச்சான் வீட்டுக்குப் போனான். அத்தை மட்டும் இருந்தாள். துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

"உங்களை அவன்கூட பார்க்கும்போதுதான் மாப்ள எனக்கு மூச்சே வருது. ஒண்ணைப் பறிகொடுத்துட்டேன். இருக்கறது அவன் ஒருத்தன். அவனுக்கும் பிரஷர், சுகர்னு என்னென்னமோ சொல்றாங்க. அவனைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க. உங்களைத் தவிர யாரு இருக்கா?"

"பார்த்துக்கறேன் அத்தை."

சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டான். அவள் உள்ளே போனபோது சட்டைப் பையிலிருந்த போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தான். அந்தக் கிழவிக்காக விட்டுவிடலாமா என்று ஒரு நொடி மனசு போனது. மொட்டைமாடியில் மழையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளை நினைத்தான். மனசு திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் காலை ஹாரனைப் பள்ளி வாசலில் டேப்லெட் பெட்டிகளை இறக்கச் சொல்லிவிட்டு, தனியாகவே பலகையை மாட்டினான். சட்டத்தைச் சுவரோடும் பலகையைச் சட்டத்தோடும் அந்த போல்ட்டுகளால் முடுக்கினான். ஒவ்வொன்றும் இறுகி இறுகி, ஸ்பானர் நடுங்கி, கடைசியில் டக்கென்று தலை முறிந்தது. விழுந்த தலைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான். எல்லாம் முடிந்ததும் பலகையின் கீழ்விளிம்பைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தி அவனுக்கு வந்தது.

அதிகாரி வந்தார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். கணக்கு டீச்சர் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் பலகையில் விரலால் முக்கோணம் வரைந்தார்கள், அழித்தார்கள், மறுபடி வரைந்தார்கள். இணையம் மச்சானின் போனிலிருந்து வந்தது. கீழே டவர் கிடைக்காததால் அந்த போன் நேர்மேலே மொட்டைமாடியில் இருந்தது. அதிகாரி பலகையின் ஓரத்தை உண்மையாகவே ஆட்டிப் பார்த்தார்.

"உறுதியா மாட்டியிருக்கீங்க," என்றார்.

"எங்க மாப்ள வேலை மேடம்," என்றார் மச்சான், முகமெல்லாம் பல்லாக. "வாங்க, ஒரு வாய் டீ சாப்பிட்டுட்டுப் போகலாம்."

அவர்கள் போனதும் ஹாரன் போர்வையோடு உள்ளே ஓடி வந்தான். பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாப்ள சார் இது? போல்ட்டுல தலையையே காணோம்?"

"விழுந்துடுச்சு."

"எங்க விழுந்துச்சு?"

"என் பாக்கெட்ல இருக்கு."

ஹாரன் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான். அவன் வாய் மூடி நின்றதை அங்கே யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு மெதுவாகப் போய் முதலாளியைக் கூட்டிவந்தான்.

மச்சான் டீ அறையின் சிரிப்பை இன்னும் முகத்தில் வைத்துக்கொண்டே வந்தார். "என்ன மாப்ள லேட்டு? அந்தம்மா பிஸ்கட்டையே தொட மாட்டேங்குது. பிடிச்சு உக்கார வைக்கறதே பெரும்பாடா இருக்கு. கழட்டுங்க, கழட்டுங்க."

"கழட்ட முடியாது மச்சான்."

"ஏன்?"

"டெண்டர்ல போட்ட மாதிரி மாட்டியிருக்கேன்."

மச்சானுக்குப் புரியவில்லை. ஹாரனின் போன் வெளிச்சத்தில் பலகையின் பின்னால் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் போய்ப் பார்த்தார். திரும்பியபோது கழுத்து வேர்த்திருந்தது.

"யாரு உங்களை இப்படி மாட்டச் சொன்னது?"

"அரசாங்கம்."

வகுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள். மச்சான் அவன் முழங்கையைப் பிடித்துப் பின்மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். "விளையாடாதீங்க மாப்ள. அடுத்த ஸ்கூல்ல வெறும் சுவர்தான் இருக்கு. அந்தம்மா எழுந்துட்டா நான் தொலைஞ்சேன்."

மாப்பிள்ளை முழங்கையை விடுவித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் போனான். வெள்ளைச் சாக்கெட்டைச் சுவரிலிருந்து உரித்தான். திரும்பி வந்து மச்சானின் உள்ளங்கையில் வைத்தான்.

"இது எங்க போகுதுன்னு சொல்லுங்க."

மச்சான் சாக்கெட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். முகத்திலிருந்த முதலாளி இறங்கிப்போனார். வேறு யாரோ வந்தார்.

"இதுக்காகவா?" என்றார். "மாப்ள, அவளுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். ஒட்டின அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டா. எனக்கு போன் போட்டுக் கத்தினா. வெட்கமா இல்லையாண்ணான்னு கேட்டா. அப்புறம் அவளே சொன்னா, யாருகிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன், அம்மாவுக்காகன்னு. உங்ககிட்டக்கூட சொல்லல பார்த்தீங்களா? என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னுதான் தினமும் ஏறினா. அவ மூடி வச்சதை நீங்க திறக்கறீங்களே, இது நியாயமா?"

தினமும் மாலையில் அவள் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். வகுப்பில் நடந்த கதையெல்லாம் சொன்னாள். யார் யாரைக் கிள்ளினான் என்பதுவரை சொன்னாள். இதைச் சொல்லவில்லை.

"அன்னைக்குக் காலையிலயும் போன் போட்டாளா?" என்றான்.

அங்கே மச்சான் நிறுத்தியிருக்கலாம். இரக்கம் கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, சொல்லிவிட்டார்.

"போட்டா. மழைக்கு மாடியிலயும் நெட் கிடைக்கலண்ணா, லைன் பொய்னு இன்னைக்குச் சொல்லிடப் போறேன்னா. நான்தான்... கொஞ்சம் பொறும்மா, அந்தத் தொட்டி மேடை மேல ஏறிப் பாரு, கிடைக்கும்னேன். எனக்கு என்ன மாப்ள தெரியும்? அவ நனையக் கூடாதுன்னு, சீக்கிரம் முடியட்டும்னு, நல்லதுக்குத்தானே சொன்னேன்."

மாப்பிள்ளை சும்மா நிற்பதைப் பார்த்து மச்சானுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. திரும்பி, "டேய், கடப்பாரை எடுத்துட்டு வா," என்று ஹாரனை விரட்டினார்.

ஹாரன் கடப்பாரையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான். மச்சானே சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் குத்தி நெம்பினார். சுண்ணாம்பு உதிர்ந்தது, செங்கல் தெரிந்தது. சட்டம் அசையவில்லை. இஸ்திரி போட்ட சட்டை இடுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டது. இரண்டாவது நெம்பலில் திரையின் மூலையில் கீறல் விழுந்தது. "ஐயோ, போர்டு!" என்று முன்பெஞ்சில் ஒரு பெண் கத்தினாள். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கணக்கு டீச்சர் அவர்களை அடக்கவில்லை.

சத்தத்துக்கு அதிகாரி வந்துவிட்டார். பின்னால் தலைமையாசிரியை, கையில் இன்னும் பிஸ்கட் தட்டோடு.

"என்ன நடக்குது இங்க?"

"சர்வீஸ் மேடம்," என்றார் மச்சான். கடப்பாரை கையிலேயே இருந்தது. "சின்ன சர்வீஸ்."

"இப்பதானே நல்லா வேலை செஞ்சது? கடப்பாரையில என்ன சர்வீஸ்?" அவர் மாப்பிள்ளையிடம் திரும்பினார். "மாட்டினது நீங்கதானே? நீங்க சொல்லுங்க."

மச்சான் அவனைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், ஆமாம் மேடம் சர்வீஸ்தான் என்று. அவள் இருந்தால் அதைத்தான் சொல்லச் சொல்வாள் என்பது மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. அண்ணனுக்காக அத்தனை நாளும் ஏறியவள். அவனுக்காக ஒருநாள் ஏறாமல் இருந்திருக்கலாம். செத்தவள்மேல் அவனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து மச்சானின் பக்கமே திருப்பினான். சொல்வது அவன் நினைத்திருந்ததைவிட எளிதாக இருந்தது.

"கழட்டி அடுத்த ஸ்கூல்ல மாட்டணும் மேடம். இருக்கறது இது ஒண்ணுதான்."

மச்சானின் கையிலிருந்து கடப்பாரை நழுவித் தரையில் விழுந்து அதிர்ந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வண்டியில ஏறுங்க," என்றார். "நீங்களும்," என்றார் மச்சானைப் பார்த்து.

அடுத்த பள்ளியின் வாசலில் தலைமையாசிரியர் நின்றிருந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வகுப்பறையில் பலகை வரவேண்டிய இடத்துக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

"போர்டு எங்கங்க?" என்றார் அதிகாரி.

மச்சானும் கூடவே காரிலிருந்து இறங்கியதில் தலைமையாசிரியருக்கு எல்லாம் வழக்கம்போல நடப்பதாகவே பட்டது. "வந்துட்டே இருக்கு மேடம்," என்றார் பணிவாக. "இவங்க எப்பவும் கரெக்டா கொண்டு வந்துடுவாங்க."

அதிகாரி விடவில்லை. வரிசையிலிருந்த மிச்சப் பள்ளிகளுக்கும் போனார். ஒவ்வொரு பள்ளியிலும் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சாக்கெட் இருந்தது. ஒவ்வொன்றையும் மாப்பிள்ளையே உரித்து அவரிடம் கொடுத்தான். அவருடைய உதவியாளர் வெளியூர்க்காரர், பாவம், ஓரிடத்தில் "நான் எடுக்கறேன் சார்," என்று முன்வந்தார். மாப்பிள்ளை விடவில்லை. மச்சான் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டியிருந்தது. சாக்கெட் சுவரைவிட்டு வரும்போது எழும் அந்தச் சின்னச் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணிமை துடித்தது. மாப்பிள்ளை சுவரைப் பார்க்கவில்லை. அந்த இமையைத்தான் பார்த்தான்.

பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. ஒப்பந்தம் போனது. ஆபீஸுக்குச் சீல் வைத்தார்கள். வழக்குப் போட்டார்கள், ஜாமீனில் விட்டார்கள். நேற்றுவரை வணக்கம் வைத்தவர்கள் மச்சானைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். தலைமையாசிரியர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், தங்களுக்கு எதுவுமே தெரியாது என்றார்கள். ஹாரன் மட்டும், "எல்லாம் தெரியும் சார், நான்தானே ஓட்டினேன்," என்று விசாரணையில் விலாவாரியாகச் சொல்லி, எழுதுகிறவரின் கையை ஒடித்துவிட்டான். கீறல் விழுந்த பலகை அவள் பள்ளியிலேயே இருந்தது. அதை அங்கிருந்து எடுக்க யாராலும் முடியவில்லை.

ஒருநாள் காலை அத்தை மாப்பிள்ளையின் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"பார்த்துக்கறேன்னு சொன்னீங்களே. இதுதான் நீங்க பார்த்துக்கறதா? அவன் சோறு திங்கறதில்ல. ரூமை விட்டு வெளியில வர்றதில்ல. சொந்தக்காரனைக் குழிதோண்டிப் புதைச்சிட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா? என் பொண்ணு உயிரோட இருந்திருந்தா இப்படிச் செய்ய விட்டிருப்பாளா?"

"விட்டிருக்க மாட்டா அத்தை."

"அப்புறம் ஏன் செஞ்சீங்க?"

அவனிடம் ஒரு வாக்கியம் இருந்தது. அன்றைக்கு மேடைமேல் ஏறச் சொன்னது உங்கள் மகன்தான் என்று சொன்னால் போதும். அந்தக் கிழவி அங்கேயே விழுந்துவிடுவாள். அதன்பிறகு அந்த வீட்டில் மகனுக்கு அம்மா இருக்க மாட்டாள். வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அவன் அதைச் செலவழிக்கவில்லை. அவளுக்காக அல்ல.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் வாங்காமல் போய்விட்டாள்.

அன்று மாலையே மச்சான் போன் செய்தார். பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அழுதார். மாப்பிள்ளை போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, அழுகை ஓயும்வரை கேட்டான்.

"எல்லாம் போச்சு மாப்ள. அம்மாவைத் தவிர எங்கிட்ட இப்ப ஒண்ணும் கிடையாது. சந்தோஷமா உங்களுக்கு?"

"இல்ல."

"அப்புறம் இன்னும் என்னதான் வேணும்?"

"அன்னைக்கு அவ போன் பண்ணினதைச் சொல்லுங்க. முதல்லேர்ந்து."

"அதான் சொன்னேனே..."

"முதல்லேர்ந்து சொல்லுங்க."

மச்சான் சொன்னார். தட்டுத்தடுமாறிச் சொன்னார். மழை கொட்டும் சத்தம் போனில் கேட்டதைச் சொன்னார். அவள் மூச்சு வாங்கியதைச் சொன்னார். லைன் பொய்யென்று சொல்லிவிடப்போவதாக அவள் சொன்னதையும், தான் கெஞ்சியதையும், மேடைமேல் ஏறச் சொன்னதையும் சொன்னார்.

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"சரிண்ணான்னா."

"எப்படிச் சொன்னா?"

"எப்படின்னா... சலிச்சுக்கிட்டு. அவ எப்பவும் சொல்ற மாதிரி."

மாப்பிள்ளை மடித்த சட்டையை அடுக்கின்மேல் வைத்தான். அடுத்த துணியை எடுத்தான்.

"வச்சிடட்டுமா மாப்ள?"

"வைங்க. நாளைக்குச் சாயங்காலம் நான் கூப்பிடறேன். எடுக்கணும்."

"எதுக்கு?"

"திரும்பச் சொல்றதுக்கு."

"மாப்ள..." மச்சானின் குரல் உடைந்தது. "எத்தனை நாளைக்கு?"

"தெரியல."

"நான் எடுக்கலன்னா?"

"அத்தையைக் கூப்பிட்டு நானே சொல்லிடறேன்."

மறுநாள் மாலை மாப்பிள்ளை அழைத்தான். முதல் மணியிலேயே மச்சான் எடுத்துவிட்டார்.